ஒரு பல்ப் மாற்றப் பம்பரைக் கழற்றுவதா? – வாகனக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையோடுதான் வந்திருக்கின்றன: முன்பு வீட்டு முற்றத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஏன் கராஜுக்குப் போக வேண்டும்? எது உங்கள் கைக்கு எட்டும் வேலை, எங்கே நிறுத்திவிட வேண்டும் என்பதைக் கடிதத்துக்குக் கடிதம் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் காரின் வலப்பக்க ஹெட்லைட் எரியவில்லை. பம்பரைக் கழற்றித்தான் பல்ப் மாற்ற வேண்டும், அரை நாள் வேலை என்கிறார்கள். பல்ப் விலையைவிடக் கூலி பல மடங்கு. பழைய காரில் ஐந்து நிமிடத்தில் நானே மாற்றுவேன். இது உண்மையா?
– வாசகர், கல்லடி

பதில்: பல கார்களில் உண்மைதான். தொழிற்சாலையில் ஹெட்லைட்டை முதலில் பூட்டி, பம்பரை அதற்கு மேல் பிறகு மூடுகிறார்கள். பூட்டுகிறவருக்கு வேலை சுருக்கம். பத்து வருடம் கழித்துக் கழற்றப்போகிறவரைப் பற்றி அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் பம்பரில் கை வைக்கமுன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில், பழுது பல்பில்தானா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் வல, இட லைட்டுகளுக்குத் தனித்தனிப் பியூஸ் இருக்கும். பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கும். ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் இரண்டு பியூஸையும் இடம் மாற்றிப் போட்டால் விடை தெரிந்துவிடும். பியூஸ் நல்லதென்றால் பல்பின் பின்புறச் சொக்கட்டைப் பாருங்கள். பிளாஸ்ரிக் பழுப்பேறி உருகியிருந்தால், புதுப் பல்பும் சில வாரத்தில் போகும். கூடுதல் வெளிச்சத்துக்கென்று 100 வோற்ஸ் பல்ப் போட்ட வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். எச்4 பல்ப் என்றால் 60/55 வோற்ஸ், எச்11 என்றால் 55 வோற்ஸ். அதற்கு மேல் போக வேண்டாம்.

அடுத்தது வழி. பம்பர் பக்கம் போகமுன் சில்லுப் பக்கத்தால் முயலுங்கள். வலப்பக்க லைட்டென்றால் ஸ்டியரிங்கை முழுவதும் இடப்பக்கம் திருப்புங்கள். சில்லின் முன்பகுதி உள்ளே போய், மட்கார்டுக்குள் இருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டின் முன்பக்கம் வெளித்தெரியும். அதில் மூன்று நான்கு கிளிப்புகளைக் கழற்றித் தட்டை மடித்தால், பல கார்களில் கை பல்ப்வரை போகும். கிளிப்பின் நடுப்பொட்டைத் தட்டையான முனையுள்ள ஸ்குரூ டிரைவரால் முதலில் நெம்பி உயர்த்திவிட்டு, பிறகு முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். சில கிளிப்புகளில் நடுப்பொட்டை உள்ளே அழுத்தினால்தான் விடும். எது என்று தெரியாமல் இழுத்தால் உடையும். நம் பக்கத்து வெயிலில் வருடக்கணக்காக நின்ற பிளாஸ்ரிக் எப்படியும் இரண்டு மூன்று உடையும். ஆகவே ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோய்ப் பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கிளிப் இல்லாமல் கம்பியால் கட்டிய தட்டு மாரி வெள்ளத்தில் கழன்று சில்லில் சிக்கும்.

பம்பரைத்தான் கழற்ற வேண்டும் என்றாகிவிட்டால் இரண்டு பேர் தேவை. மட்கார்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பெயின்ற் உராயாது. மேல் கிளிப்புகள், அடிக் கிளிப்புகள், சில்லுப் பக்கத்து ஸ்குரூ எல்லாம் எடுத்த பிறகு பக்கவாட்டு மூலையை வெளிப்புறமாக இழுத்து விடுவித்து, அதன் பிறகே முன்னால் இழுக்க வேண்டும். நேரே முன்னால் இழுத்தால் பக்கவாட்டுப் பிடிகள் முறியும். ஃபொக் லைட், சென்சர் வயர்களைக் கழற்றாமல் பம்பரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

ஹலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையிலுள்ள எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்ப் வெடிக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிற்றால் துடையுங்கள். பின்புற ரப்பர் மூடியைச் சுற்றிவர அழுத்திப் பூட்டுங்கள். அது சரியாக உட்காராவிட்டால் மார்கழி மழையில் லைட்டுக்குள் தண்ணீர் நிற்கும்.

உங்கள் லைட் எச்.ஐ.டி. (இழையில்லாமல் வாயுவில் எரியும்) வகையென்றால் சுவிட்சை அணைத்து, பற்றரியின் மைனஸையும் கழற்றாமல் தொட வேண்டாம். எரியத் தொடங்கும் கணத்தில் அங்கே 20,000 வோல்ற்றுக்கு மேல் பாயும். இந்த வகையிலும் டி2 பல்ப் 85 வோல்ற்றிலும் டி4 பல்ப் 42 வோல்ற்றிலும் எரிபவை. ஒன்றுக்கு ஒன்று மாற்றீடு அல்ல. எல்.ஈ.டி. லைட்டென்றால் பல கார்களில் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது. முழு லைட்டையும் மாற்ற வேண்டும். கடையில் ஓடர் கொடுக்கமுன் எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார். காலையில் எதுவுமே வேலை செய்யவில்லை, றிமோட்டும் திறக்கவில்லை. ஹைபிரிட் பற்றரி முடிந்தது, பெரிய செலவு வரும் என்கிறார் பக்கத்துக் கராஜ் பாஸ். உடனே மாற்ற வேண்டுமா ஐயா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம், பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி காரை ஓட்ட உதவும் பெரிய ஹைபிரிட் பற்றரிக்குரியதல்ல. கதவு, றிமோட், டாஷ்போட், கணினிகள் எல்லாவற்றுக்கும் மின் கொடுப்பது தனியே இருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரி. அது இறங்கினால் ஹைபிரிட் பற்றரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார் விழிக்காது. ஹைபிரிட்டில் 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுற்றுவதில்லை. அதனால் பழைய கார் போல மெல்ல மெல்ல இழுத்து முன்னெச்சரிக்கை தராது. நேற்று ஓடிய கார் இன்று சவமாக நிற்கும்.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறு திறப்பை எடுத்துச் சாரதிக் கதவைத் திறந்து, பொனற்றைத் தூக்குங்கள். 12 வோல்ற் பற்றரி அங்கே இல்லை. பின்னிருக்கையின் அடியில் வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுப்பதற்கென்றே சிவப்பு மூடி போட்ட முனை இருக்கும். மீற்றரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற் நிறைந்த பற்றரி, 12.2 பாதி, 11.8க்குக் கீழ் ஏறக்குறைய வெறுமை.

ஜம்ப் கொடுக்கும் ஒழுங்கு: சிவப்பு வயரின் ஒரு முனை அந்தச் சிவப்பு முனையில், மறுமுனை உதவும் காரின் பிளஸில். கறுப்பு வயர் உதவும் காரின் மைனஸில், கடைசி முனை உங்கள் காரில் பெயின்ற் இல்லாத ஒரு இரும்பில். பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தி, 'ரெடி' எழுத்து வரும்வரை பாருங்கள். வந்ததும் தலைகீழ் ஒழுங்கில் கழற்றுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் ஒரு நொடியில் பிரதான பியூஸும், சில வேளை அதைவிட விலையான பகுதிகளும் போகும். அவசரத்தில் இருட்டில் செய்ய வேண்டாம். டோர்ச் பிடிக்க ஒருவரை வையுங்கள்.

'ரெடி' வந்து கார் ஒழுங்காக ஓடினால் பெரிய பற்றரியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 12 வோல்ற் பற்றரியை மாற்றும்போது மட்டும் கவனம்: அது ஆட்கள் இருக்கும் அறைக்குள் இருப்பதால் மூடிய வகை. பழையதன் மேல் எழுதியிருப்பதைப் (அக்வாவில் எஸ்34பி20ஆர் போல) பார்த்து அதே வகை வாங்குங்கள். வாயு வெளியேறும் சின்னக் குழாயைத் திரும்பப் பூட்ட மறக்க வேண்டாம். மலிவென்று சாதாரணப் பற்றரி வைத்தால் அதன் வாயு பின்னிருக்கைக்குள் வரும். அங்கேதான் பிள்ளைகள் இருப்பார்கள். சார்ஜ் ஏற்றுவதென்றால் 5 அம்பியருக்கு மேல் வேண்டாம்.

பற்றரியைக் கழற்றமுன் இன்னுமொன்று. ஜப்பானிலிருந்து வந்த பல டொயோட்டா ரேடியோக்கள் மின் துண்டித்தால் பூட்டிக்கொண்டு, வரைபட எஸ்.டி. கார்டைக் கேட்கும். கார்டு காரில் இல்லையென்றால், வேறொரு 12 வோல்ற் பற்றரியை வயர்க் கிளம்புகளோடு இணைத்து மின் அறாமல் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கழன்ற பிளஸ் கிளம்ப் இரும்பில் படாமல் ரப்பர் துணியால் சுற்ற வேண்டும்.

ஹைபிரிட் பற்றரி உண்மையில் பழுதானால் கார் வேறு விதமாகப் பேசும்: எச்சரிக்கை விளக்கு, பின்னிருக்கையில் காற்றாடி இரைச்சல், பற்றரி அளவு திடீர் திடீரென ஏறி இறங்குதல், ஸ்கேனரில் (காரின் கணினியில் பதிந்த பழுதை வாசிக்கும் கருவி) பி0ஏ80 என்ற பழுதுக் குறியீடு. அப்போதும் முதலில் பின்னிருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். தூசியும் கடற்கரை மணலும் அடைத்தால் பற்றரி வெந்து ஆயுள் குறையும். துவாரத்தின் வெளிப்பக்கத்தைத் துப்புரவாக்குவது உங்கள் வேலை. செம்மஞ்சள் நிற வயர் கண்ட இடத்தில் நிறுத்துங்கள்; முதல் தலைமுறை அக்வாவில் பற்றரியின் மின்னழுத்தமே 144 வோல்ற். அதற்கு மேல் பயிற்சி பெற்றவரும் 1000 வோல்ற் தாங்கும் கையுறையும் தேவை.

கேள்வி: பிரியஸின் முன் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது. நானே மாற்றலாமா? பழைய கொரோலாவில் செய்து பழக்கம்.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: கை வேலை அதேதான், ஆனால் தொடங்கும் விதம் வேறு. இந்த ஹைபிரிட் வண்டியில் சாரதிக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கும். பாட்டை அழுத்தும் கலிப்பரைத் தூக்கி வைத்திருக்கும் நேரம் யாராவது கதவைத் திறந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும். விரல் இடையில் இருந்தால் அதையும் நசுக்கும். எனவே காரை நிறுத்தி, கதவுகளை மூடி, பெடலைத் தொடாமல் இரண்டு நிமிடம் விட்டு, 12 வோல்ற் பற்றரியின் மைனஸைக் கழற்றிய பிறகே சில்லைக் கழற்றுங்கள். பல பிரியஸ்களில் அந்தப் பற்றரி பின் டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கி மின்சாரத்தில் திறப்பது. ஆகவே வேலை முடியும்வரை டிக்கி பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஒயில் தாங்கியில் மட்டம் உயரும். நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், பெயின்றில் சிந்தினால் உரிந்துவிடும். மெல்லத் தள்ளுங்கள். உள்பக்கப் பாட் வெளிப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருந்தால், கலிப்பர் நகரும் வழுக்கு ஊசிகள் இறுகியிருக்கின்றன. நமது கரையோர உப்புக்காற்றில் இது சாதாரணம். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்குப் பொருந்தும் பிரேக் கிரீஸ் மட்டும் பூசுங்கள். சில்லுக் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதும். பாட்டின் தேயும் பகுதியின் தடிப்பு 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றுவது நல்லது. 1 மில்லிமீற்றர் கடைசி எல்லை. இறுக்கும் அளவு: கலிப்பர் போல்ட் 34 நியூட்டன் மீற்றர், சில்லு நட்டு 103. முடிந்ததும் பற்றரியை இணைத்து, 'ரெடி' வரவைத்து, பெடல் கெட்டியாகும்வரை பல தடவை மிதித்த பிறகே காரை அசையுங்கள்.

ஹைட்ரோலிக் குழாயைக் கழற்ற வேண்டிய வேலையென்றால் தொடாதீர்கள். குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க டொயோட்டா ஸ்கேனர் வேண்டும். கைப்பிடி இல்லாமல் பொத்தானில் பார்க்கிங் பிரேக் போடும் கார்களில் பின் பாட்டையும் அப்படியே. மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் அது உடையும்.

கேள்வி: வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு எஞ்சின் விளக்கு எரிகிறது, எஞ்சின் உதறுகிறது. சின்ன ஸ்கேனர் வாங்கினேன். பி0301 என்று காட்டியது. கொயில் மாற்றவா?
– வாசகர், நாவிதன்வெளி

பதில்: பி0301 முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டும் சொல்லும். எந்தப் பகுதி பழுது என்று அது சொல்லாது. குறியீட்டைப் பாகத்தின் பெயராக எடுத்துக்கொண்டு வாங்குவதால்தான் பணம் போகிறது.

முதலில் கண்ணால் பாருங்கள். அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினால் எலி வீட்டுப் பக்கம் வரும். சூடான எஞ்சின் அதற்கு நல்ல இடம். கொயிலுக்கும் (பிளக்குக்கு மின்பொறி கொடுப்பது) இன்ஜெக்டருக்கும் (பெற்றோல் பீச்சுவது) போகும் வயர்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். கடித்திருந்தால் டேப் மட்டும் சுற்றாமல், வெட்டி ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட வேண்டும்.

வயர் நல்லதென்றால் சுவிட்சை அணைத்து, முதல் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் இடம் மாற்றுங்கள். பல ஜப்பான் கார்களில் ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட்தான். குறியீட்டைக் குறித்து வைத்து, அழித்து, ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் பழுது கொயிலோடு போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றுங்கள். பி0301 அப்படியே வந்தால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் ஓட்ட வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிக்கை எரித்துவிடும். காற்று ஃபில்டரையும் திறந்து பாருங்கள், பதர் அடைத்திருக்கும்.

கேள்வி: காரில் கியர் ஒயில் அளக்கும் கம்பியே இல்லை. எப்படிப் பார்ப்பது?
– வாசகர், பொத்துவில்

பதில்: பல சி.வி.டி. (பெல்ட்டால் இயங்கும் ஓட்டோ கியர்) பெட்டிகளில் கம்பி வைக்கவில்லை. ஒயில் 40 பாகையை ஒட்டிய சூட்டில், எஞ்சின் ஓட, கார் நான்கு பக்கமும் சமமட்டமாக நிற்க, அடியிலுள்ள துவாரத்தால் வழிவதை வைத்தே மட்டம் பார்க்கிறார்கள். லிஃப்ட்டும் ஸ்கேனரும் இல்லாமல் இது சரிவராது. நீங்கள் செய்யக்கூடியது, ஊற்றமுன் டின்னைக் கையில் வாங்கி வாசிப்பது. சி.வி.டி. பெட்டிக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போகும்.

கேள்வி: ஏசி காற்று குறைவு, நாற்றமும் வருகிறது. காஸ் போட வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, காரைதீவு

பதில்: காற்றே குறைவாக வந்தால் பெரும்பாலும் காஸ் காரணமல்ல. டாஷ்போட் பெட்டியை வெறுமையாக்கி, இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் பல கார்களில் அது கீழே இறங்கும். ஒரு பக்கத்தில் சின்னத் தடுப்புக் கம்பி இருந்தால் முதலில் அதை நழுவவிடுங்கள். பின்னால் தெரியும் மூடியைத் திறந்து பழைய ஃபில்டரை இழுக்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்து, புதியதை அதே பக்கம் வையுங்கள். கழுவித் திரும்பப் போட வேண்டாம். ஈரக் கடதாசியிலிருந்தும் அந்த நாற்றம் வரும். ஃபில்டர் மாற்றியும் காற்று வராவிட்டால் உள்ளே காற்றாடியில் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.