சுவரை இடித்தவர் திரும்பி வந்தார்

அன்புள்ள அக்கா,

வேளச்சேரியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். போன சனிக்கிழமை ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தை மறுபடி பார்த்தோம். படம் முடிந்ததும் விடிய விடிய சண்டை. உலகத்தைக் காப்பாற்றியவர்களை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா? சூப்பர் ஹீரோக்களை ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் சொகோவியா ஒப்பந்தத்தில் (முந்தைய படத்தில் இவர்கள் போட்ட சண்டையில் ஒரு நகரமே அழிந்த கற்பனை நாடு சொகோவியா) கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான் என் நண்பன், அவன் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் கட்சி. நான் கையெழுத்துப் போட மறுக்கும் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ரோஜர்ஸ் கட்சி. பெரிய வெற்றி என்றால் கொஞ்சம் சேதம் இருக்கத்தான் செய்யும், அதற்காகக் காப்பாற்றியவன் கையைக் கட்டினால் அடுத்த முறை யார் வருவார்கள்? அவர்கள் அணியில் இருக்கும் விஷன் சொல்கிற வாதமும், ரோஜர்ஸின் பழைய நண்பன் பக்கி விவகாரமும் தனிக் குழப்பம். நம் தமிழ் மரபில் இப்படி ஒரு தர்மசங்கடத்தை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

அன்புடன்,
கா., வேளச்சேரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். மழைக்காலம் வந்தாலே எனக்கு ஒரு தையல் மெஷினின் ஞாபகம் வந்துவிடும். இந்த வருஷமும் அது வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இல்லையென்றால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

விஷனின் வாதத்தை விடுங்கள். பக்கியையும் விடுங்கள், அது நட்பின் கதை. நான் பிடித்துக்கொள்வது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வரும் ஒரு வாக்கியத்தை. ‘கொஞ்சம் சேதம் இருக்கத்தான் செய்யும்.’ தம்பி, இதை எழுதும்போது உங்கள் கை ஒரு நொடி நிற்கவில்லையா? யாருக்குக் கொஞ்சம்?

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் வரும் காட்சியை மறுபடி பாருங்கள். உடம்பில் குண்டோடு வெடிக்கப் போகிற எதிரியை அணியைச் சேர்ந்த வாண்டா தன் சக்தியால் மேலே தூக்குகிறாள், குண்டு பக்கத்துக் கட்டடத்தில் வெடிக்கிறது. அப்புறம் தொலைக்காட்சிச் செய்தியில் சொல்கிறார்கள்: இறந்தவர்களில் 11 பேர் வகாண்டா என்ற கற்பனை நாட்டுக்காரர்கள். அந்த 11 பேருக்காகப் பேச ஒரு ராஜா இருக்கிறார், ஒப்பந்தம் கையெழுத்தாகும் வியன்னா வரை வருகிறார். இறந்தவர்களில் என்றால் மற்றவர்களும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த ஊர்க்காரர்கள், அந்தக் கட்டடத்தில் வேலைக்கு வந்தவர்கள், கீழே தெருவில் நின்றவர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று படம் முடியும்வரை ஒருவரும் கேட்பதில்லை. ஸ்டார்க்கும் கேட்கவில்லை, ரோஜர்ஸும் கேட்கவில்லை. 117 நாடுகள் ஒப்புக்கொண்ட அந்தக் கனமான ஒப்பந்தப் புத்தகத்தின் பேரிலேயே சொகோவியா இருக்கிறது. அது மேஜையில் கிடக்கும்போது சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு சொகோவியாக்காரர் உண்டா? அப்பாவையும் மனைவியையும் மகனையும் அந்த ஊரில் பறிகொடுத்த ஸெமோ எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறான். அவன் எந்த ஊர்க்காரன் என்பதே ரோஜர்ஸுக்குக் கடைசியில் சைபீரியாவில்தான் உறைக்கிறது. அவன் செய்த கொலைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. யாராவது ஒருவர் அவன் வீடு இருந்த இடத்துக்குப் போயிருக்கலாம் என்கிறேன்.

ஸ்டார்க்கிடமாவது ஒரு தாய் வந்து நிற்கிறாள். கல்லூரிக் கட்டடத்தின் தாழ்வாரத்தில், மகன் போட்டோவோடு. அந்தப் பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க சொகோவியாவுக்குப் போனவன். அவளாகத் தேடி வந்ததால்தான் ஸ்டார்க்குக்கு அவன் முகம் தெரிந்தது. ரொம்ப துக்கப்படுகிறார், நிஜமான துக்கம்தான். ஆனால் அந்தத் துக்கத்தைக் கொண்டுபோய் ஒரு கையெழுத்தில் இறக்கி வைத்துவிடுகிறார்.

அரசாங்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க், வாஷிங்டன், சொகோவியா, லாகோஸ் என்று இவர்கள் செய்த சேதத்தை வீடியோ போட்டுக் காட்டுகிறாரே அமெரிக்க அமைச்சர் ராஸ், அவர் பக்கத்துக் கணக்கை யார் பார்ப்பது? முந்தைய படங்களில், நியூயார்க்கின் மேல் அணுகுண்டு ஏவச் சொன்னது மேலே உட்கார்ந்திருந்த கவுன்சில். வாஷிங்டனில் கண்காணிக்கும் அமைப்புக்குள்ளேயே எதிரி உட்கார்ந்திருந்தான். கணக்குக் கேட்பவனும் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரிலும் 2015 வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது, 2018-இல் சட்டமன்றத்தில் வைத்தார்கள். எத்தனை பேர் படித்தோம்?

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்தார்கள். நாங்கள் அப்போது ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்துத் தெருவில், மாடி வீட்டில் இருந்தோம். விடியும்போது படிக்கட்டில் பாதிக்கு மேல் தண்ணீர். மாமியாருக்கு எண்பது வயது, சர்க்கரை. இன்சுலின் கெட்டுப்போகாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் படகு வந்தது. பட்டினப்பாக்கத்து மீனவப் பையன்கள் நாலு பேர், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் படகு. எங்கள் தெரு குறுகல், கோடியில் படகைத் திருப்ப வழியில்லை. பக்கத்து மனையின் காம்பவுண்டுச் சுவர் ஒரு முழம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. படகில் மூத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், “அம்மா, இத சாய்ச்சாதான் உள்ள வர முடியும்” என்றார். நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து “இடிங்க, இடிங்க” என்று கத்தினோம். நானும் கத்தினேன். கடப்பாரையால் நாலு போடு. ஊறிப்போன சுவர் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது.

அந்தத் தெருவில் மட்டும் இருபத்தாறு பேரை இறக்கினார்கள். திரும்பும்போது தண்ணீருக்குள் இருந்த கேட்டின் ஈட்டிக் கம்பி படகின் அடியைக் கிழித்துவிட்டது. ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்து, காலால் மிதித்துக்கொண்டே வந்தான்.

அந்தச் சுவரின் உள்பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில் ஒரு தையல்காரர் வாடகைக்குக் கடை வைத்திருந்தார். வெள்ளத்தன்று குடும்பத்தோடு பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டார். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது சுவர் மெஷின் மேல் கிடந்தது. தையல் மெஷின் தண்ணீரில் மூழ்கினால் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அவர் அதற்கு மண்ணெண்ணெய்கூட வாங்கி வந்திருந்தார். ஆனால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பாகம் கழுத்தில் உடைந்து தனியாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு தெருவில் நின்று கேட்டார்: “சுவரு எப்படி விழுந்துச்சு?”

“வெள்ளத்துல விழுந்துடுச்சு” என்றோம். தெருவே சொன்னது. நானும் சொன்னேன், தம்பி. காப்பாற்ற வந்த பையன்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். நாங்கள்தான் கத்தி இடிக்கச் சொன்னோம் என்பதை மறைக்கத்தான் அந்த நியாயம். கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வந்தவரிடம் தையல்காரர் மெஷினைக் காட்டினார். அதற்குப் படிவத்தில் இடமில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகில் வந்த அந்த அண்ணன் எங்கள் தெருவில் வந்து நின்றார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். “நாங்க ஒரு சுவரு இடிச்சோமே, அது யாரு வீடு?” என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தையல்காரர் எதிரில் நின்று, “அண்ணே, சுவரு தானா விழல. நாங்கதான் இடிச்சோம். உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது” என்றார்.

தையல்காரர் கால்மணி நேரம் திட்டினார். கண்ணில்லையா, கேட்டு இடிக்கக்கூடாதா, என் பொழப்புடா அது என்று. அந்த மனிதர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இருபத்தாறு உயிரைக் காப்பாற்றினோம் என்று சொல்லவில்லை. தன் படகு கிழிந்து இருபது நாள் கடலுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லவில்லை, அதை நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திட்டி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். தையல்காரர் வாங்கிக்கொண்டார். மீதியைத் தெருவில் நாங்கள் சேர்த்துக் கொடுத்து ஒரு பழைய மெஷின் வாங்கினார். படகுக்கு யாரும் கொடுக்கவில்லை. 2018-இல் கேரள வெள்ளத்தில் மீட்க வந்த மீனவர்களுக்குப் படகு ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும், உடைந்த படகுகளைச் சரிசெய்ய உதவியும் அந்த அரசு அறிவித்தபோது, நான் பட்டினப்பாக்கத்து அந்தக் கிழிந்த படகைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை யார் வருவார்கள் என்று கேட்கிறீர்கள். அவர் வருவார். திட்டு வாங்கியதால் அவர் கை கட்டப்பட்டுவிடவில்லை.

இன்னொன்று. நம் மரபில் யாரும் யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியோடு சிலப்பதிகாரத்தை மூடிவைத்துவிட்டு மரபைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்ணகி வென்றவள். அரசனைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டு வென்றாள். அப்புறம் ஒரு நகரம் எரிந்தது. எரிக்கும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுவிடு என்று தீக்கடவுளிடம் சொல்கிறாள். சேதம் யாருக்கு என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டுவிட்டது. அதோடு முடியவில்லை. பாண்டிய நாட்டில் மழையில்லாமல் போனபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். செத்தவர்கள் ஆயிரம் பேர். கண்ணகி சிலையை 2001-இல் மெரினாவிலிருந்து எடுத்தபோது ஊரே கொதித்தது, 2006-இல் திரும்ப வைத்தோம். நானும் போய்ப் பார்த்துக் கும்பிட்டேன். அந்த ஆயிரம் பேரை எந்தக் கடற்கரையில் வைத்திருக்கிறோம்? இளங்கோவடிகள் எழுதிவைத்திருக்கிறார், ஓர் எண்ணாகவாவது. லாகோஸ்காரர்களுக்கு அந்த எண்ணும் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. விடிய விடிய இதற்காகச் சண்டை போடுகிற பிள்ளைகள் இருக்கிறீர்களே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது. அந்த நண்பரோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டீர்கள். போடுவேன். ஆனால் ராஸ் கொடுத்த மூன்று நாளில் வியன்னாவுக்குப் போக மாட்டேன். முதலில் லாகோஸுக்குப் போய், அந்தக் கட்டடம் இருந்த தெருவில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்து போடுவேன்.

அன்புடன்,
அக்கா