மை சம்மர் கார் கேமில் பெட்ரோல் பங்கில் இருக்கும் மலிவான பியூவல் ஆயிலையே எல்லா வண்டிக்கும் ஊற்றலாமா?

டீசல் வண்டி என்றால் ஊற்றலாம், ஓடும். போலீஸிடம் மாட்டினால் என்னைத் திட்டாதீர்கள்.

கேமில் வரும் டெய்மோ கடை பங்கில் பெட்ரோல், டீசல், பியூவல் ஆயில் என்று மூன்று இருக்கிறது. சட்சுமா, ஃபெர்ண்டேல், ரஸ்கோ மூன்று கார்களுக்கும் பெட்ரோல். வேன், கழிவுநீர் லாரி, டிராக்டர் மூன்றும் டீசல். மொபெட் மட்டும் டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு டூ-டி ஆயில் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பியூவல் ஆயில் கிட்டத்தட்ட டீசலேதான். கேம் கதை நடக்கும் பின்லாந்தில் அதற்கு வரி குறைவு. வீட்டு ஹீட்டருக்கும் டிராக்டருக்கும் என்று சிவப்புச் சாயம் கலந்து விற்கிறார்கள். நம்ம ஊர் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்ட அதே கதை. கேமிலும் டிராக்டருக்கு ஊற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள். நான் பேராசைப்பட்டு லாரிக்கு ஊற்றினேன். நாலு வீட்டு செப்டிக் டேங்க் இறைத்துச் சம்பாதித்த காசில் பாதி, ஒரே செக்கிங்கில் அபராதமாகப் போனது.

சட்சுமாவில் தலைவலி வேறு. அது டாட்சன் 100ஏ-வைப் பார்த்துச் செய்த வண்டி. கதை நடப்பதே 1995 கோடையில். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்தான். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இழுவை வேண்டுமென்றால் 13 பக்கம் இறக்குவார்கள். அதற்கும் கீழே போனால் பெட்ரோல் வீண், புகை கருப்பு. அந்தக் கணக்கை நீங்கள்தான் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கரில் எட்டு வால்வு ஸ்க்ரூவையும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சரிபார்த்துவிடுங்கள். அவை தப்பாக இருந்தால் கார்புரேட்டரை எவ்வளவு திருப்பினாலும் வேலைக்காகாது.

இன்னொன்று, சோக். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவர். குளிர்ந்த இன்ஜினுக்கு இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வீர்கள், சூடானதும் உள்ளே தள்ள வேண்டும். நான் தள்ளவில்லை. வண்டி முக்குகிறதே என்று பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் கார்புரேட்டரைத் திருகி, நன்றாக இருந்த செட்டிங்கையும் கெடுத்துவிட்டுத்தான் டேஷ்போர்டைப் பார்த்தேன்.