கேள்வி - பதில்: பழைய போட்டோவும் வீட்டு ஸ்கேனரும்

கேள்வி: அப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் நூற்றுக்குமேல் இருக்கின்றன. பல மஞ்சளடித்துவிட்டன. பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் 1200 டிபிஐ வரை காட்டுகிறது. அதையே வைக்கலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு ஸ்கேனர் எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை; காகிதப் படத்தில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அதே அளவில் மறுபடி அச்சிட 300 போதும். கொஞ்சம் பெரிதாக்கவும் வேண்டுமென்றால் 600. 4 x 6 அங்குலப் படம் 600-ல் 2400 x 3600 புள்ளிகள் வரும்; சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி. 1200-க்குப் போனால் 104 எம்பி. கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் காகித நாரும் தூசும்தான். பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கும்போது மட்டும் 1200 வைத்துப் பார்க்கலாம்.

எண்ணைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்குகள் (சேனல்கள்) உண்டு. மஞ்சள் கறை நீலச் சேனலில் அடர்த்தியாக விழும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மங்கிவிடும். பிறகு ஜிம்ப் போன்ற படத்திருத்த மென்பொருளில் சிவப்புச் சேனலை மட்டும் தனியே எடுத்தால் கறை பாதிக்குமேல் போயிருக்கும். கிரேஸ்கேலில், அதாவது கறுப்பு வெள்ளை முறையில், எடுத்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். மூலக் கோப்பை, திரும்பச் சேமித்தாலும் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அது உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.

கேள்வி: கல்யாணப் படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
- வாசகி, காரைக்குடி

பதில்: பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தில் அது இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கையால் வண்ணம் தீட்டிய ஸ்டுடியோ படமோ இங்க்ஜெட் பிரிண்டோ ஆனால் சாயம் கரைந்து ஓடும்.

பின்பக்க ஆணி, அட்டையை மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் (CIS) என்ற உணரி வகை; ஸ்கேனரின் கண்ணாடித் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு மட்டுமே அவற்றுக்குத் தெளிவு. ஃப்ரேம் கண்ணாடியின் 2 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே படம் மங்கும். சிசிடி (CCD) என்ற உணரி உள்ள தடித்த வகைக்கு இது பிரச்சினை இல்லை. உங்களுடையது எது என்று அறிய, தடிமனான புத்தகத்தை விரித்து ஸ்கேன் செய்யுங்கள். நடு மடிப்பருகே, தட்டைவிட்டு எழும்பி நிற்கும் எழுத்துகள் தெளிவாக விழுந்தால் சிசிடி.

சிஐஎஸ் என்றால் ஸ்கேனரை மறந்து மொபைலை எடுங்கள். படத்தை ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தால் உங்கள் உருவமே கண்ணாடியில் தெரியும் தொல்லை இராது. கிட்டத்தில் பிடித்தால் ஓரம் வளையும். இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

கேள்வி: எந்தப் படத்தை ஸ்கேன் செய்தாலும் ஒரே இடத்தில் கோடு விழுகிறதே?
- வாசகர், ஈரோடு

பதில்: புள்ளியானால் தட்டுக் கண்ணாடியில் அழுக்கு. கண்ணாடி துடைக்கும் திரவத்தில் துணியை நனைத்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். முழு நீளக் கோடானால், ஸ்கேனர் தன் வெள்ளையைச் சரிபார்த்துக்கொள்ளும் உட்பக்கப் பட்டையில் தூசு இருக்க வாய்ப்பு அதிகம். அது கண்ணாடிக்கு அடியில் இருப்பதால், திறந்து துடைக்க மெக்கானிக்கிடம் கொடுங்கள்.