ஐந்து கடை, ஐந்து காப்பி

கேள்வி: மதுரை எல்லிஸ் நகரில் இரண்டு பேராக ஒரு சின்ன மென்பொருள் ஆபீஸ் நடத்துகிறோம். கையில் ஆறு புராஜெக்ட், எல்லாமே பைத்தான். ஜிஎஸ்டி கணக்கு, பில் பிரிண்ட் இரண்டுக்கும் பொதுவான புரோகிராம் கோடை (code) சர்வரில் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். ஆறு புராஜெக்டும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்காக அதில் ஓரிடத்தைத் திருத்தினோம். கீழமாசி வீதி பலசரக்குக் கடையில் பில்லே வரவில்லை. பேசாமல் ஆறு காப்பி எடுத்து வைத்துவிடலாமா சார்?

பதில்: வேண்டாம் தம்பி, நான் வைத்துப் பார்த்தவன். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது எனக்கு ஐந்து கடை வாடிக்கை. பில் கோப்பும் ஐந்து காப்பி. முதல் நாள் ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், வாட் வரியை எடுத்துவிட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டேன். நாலு கடை சரி. ஐந்தாவது டவுன்ஹால் ரோடு எலக்ட்ரிக்கல் கடை. முதலாளி கேட்டாரென்று பில் தொகையை முழு ரூபாயாக்கும் இரண்டு வரிக் கோடை அங்கே மட்டும் எப்போதோ சேர்த்திருந்தேன். அதை மறந்து மற்ற கடைக் கோப்பை அதன் மேலேயே கொட்டிவிட்டேன். மறுநாள் எந்த பில்லைப் பார்த்தாலும் நாற்பது பைசா, அறுபது பைசா தொங்கல். கல்லாவில் இருந்த அண்ணாச்சி திட்டவில்லை. "சில்லறை கொடுக்க நீங்களே வந்து உட்காருங்க" என்றார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

பொதுக் கோடைத் தனி கிட் ரெப்போவாக்குங்கள் (கிட் என்பது ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் கருவி, ரெப்போ அதன் பெட்டி). திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக், அதாவது வெர்ஷன் எண் எழுதிய சீட்டு: 1.4.0, 1.4.1 என்று. கடைசி எண் ஏறினால் பிழைத் திருத்தம்; நடு எண் ஏறினால் புது வசதி, பழசுக்குச் சேதமில்லை; முதல் எண் ஏறினால் பழையபடி கூப்பிட்டால் உடையும். மண்டபத்துக்காக நீங்கள் ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளை மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது 2.0.0. மண்டபத்தின் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் (எது, எந்த வெர்ஷன் வேண்டும் என்ற பட்டியல்) அதைப் போடுங்கள். பலசரக்குக் கடை 1.4.1-லேயே இருந்து, தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு ஏறட்டும்.

இதற்கு புராஜெக்டுக்கு ஒரு வென்வ் (venv), அதாவது தனி பைத்தான் சூழல், வேண்டும். பைத்தானில் ஒரே சூழலுக்குள் ஒரு லைப்ரரிக்கு (பல புராஜெக்டுகள் எடுத்துக்கொள்ளும் பொதுக் கோடு) ஒரு வெர்ஷன்தான் நிற்கும். இரண்டாவதை நிறுவினால் முதலாவது போய்விடும். நீங்கள் ஆறையும் ஒரே பைத்தானில்தான் ஓட்டுகிறீர்கள் என்று கடிதத்திலேயே வாசனை அடிக்கிறது! வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரிகளுக்கும் வெர்ஷன் எண்ணைக் கட்டிவிடுங்கள். 'பிப் ஃப்ரீஸ்' (pip freeze) என்ற கட்டளை கொடுத்தால், நீங்கள் அழைக்காமலே பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவையும் பட்டியலில் வரும்.

அப்புறம் சுவரில் ஒரு சார்ட்: எந்தக் கடை, எந்த வெர்ஷன். சிரிக்காதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது நம்மிடம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பெரிய கம்பெனிகளுக்கும் பெரும்பாடாகிவிட்டது.

வரி விகிதத்தை மட்டும் கோடுக்குள் எழுதாதீர்கள். அமலாகும் தேதியோடு டேட்டாபேஸ் டேபிளில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் விகிதங்கள் மாறியபோது நான் வண்டியை எடுக்கவே இல்லை.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் பில் எண்ணை 00047 என்று காட்ட ஒரு லைப்ரரி போட்டேன். நண்பர் கேலி செய்கிறார். தப்பா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி லைப்ரரியை அதை எழுதியவர் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கு) என்பதிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. அதன் வேலையும் இதேதான்: முன்னால் இடம் நிரப்புவது. 2017-ல் 'பேட்ஸ்டார்ட்' என்று மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. லைப்ரரியைக் கழற்றிவிட்டு நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.