பூங்கா இடத்தைச் சங்கமே விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நகர் சென்னைப் புறநகர் மாநகராட்சி ஒன்றில் இருக்கிறது. 1987-ல் எம்எம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அன்றைய பெயர்) அங்கீகாரத்தோடு போட்ட மனைப்பிரிவு, 72 வீடுகள். வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்திருக்கும் நாலு கிரவுண்டு இடம் இத்தனை வருடமாக முள்செடி மண்டிக் கிடந்தது. போன மாதம் ஒருவர் வந்து கல் நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார். தாத்தா சொத்து என்று சொல்லித் தன் பெயரில் உள்ள பட்டாவைக் காட்டுகிறார். கூட வந்த தரகர், "சங்கத்தின் பெயரிலேயே கிரயம் பண்ணித் தருகிறோம், மார்க்கெட் விலையில் கால் பங்குதான், வீட்டுக்கு ஒன்றரை லட்சம். மாதக் கடைசிக்குள் ஐந்து லட்சம் அட்வான்ஸ் வராவிட்டால் ஃபிளாட் கட்டுபவருக்குப் போய்விடும்" என்கிறார். மாநகராட்சியில் கேட்டால் 'ஃபைல் இல்லை' என்கிறார்கள். எங்களில் பாதிப் பேர் பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். வாங்கலாமா?
— சங்கச் செயலாளராக உள்ள ஒரு வாசகி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ஐந்து லட்சம் இருக்கட்டும், ஐந்து ரூபாய் டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம்.

தரகர் ஏன் கட்டுமானக்காரரிடம் நேரே போகாமல் உங்களிடம் வந்தார்? சுத்தமான பத்திரம் கையில் இருப்பவர் யாரும் நாலு கிரவுண்டைக் கால் விலைக்குக் கொடுக்கமாட்டார். அந்த இடத்துக்காக நாளைக்கு நீதிமன்றம் போகக்கூடியவர்கள் நீங்கள் 72 பேர்தான். நீங்களே கிரயம் எழுதி வாங்கிவிட்டால், 'இது அவருடைய சொத்துதான்' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் ஒருநாள் மாநகராட்சி விழித்துக்கொண்டு 'இது பொது இடம்' என்று போர்டு வைத்தால், நீங்கள் கொடுத்த ஒரு கோடிச் சொச்சத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? தரகர் அதற்குள் வேறு நகரில் வேறு பூங்காவை விற்றுக்கொண்டிருப்பார்.

அந்த இடத்துக்கான விலையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்பதையும் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். மனைப்பிரிவு போடுகிறவர் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட நிலத்தின் விலையை விற்கும் மனைகளின் மேல் ஏற்றித்தான் விற்பார். இன்றைய விதிப்படி மொத்த நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம், அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். உங்கள் வரைபடத்திலேயே பூங்கா இருக்கிறது என்பதால் அந்தக் கணக்குக்குள் நாம் போகத் தேவையில்லை.

சரி, பட்டா எப்படி வந்தது? மந்திரம் ஒன்றும் இல்லை. மனைப்பிரிவு போட்டவர் ஒரு விவசாயியிடம் நிலம் வாங்கியிருப்பார், அல்லது அவர் சார்பில் விற்கும் அதிகாரத்தைப் பவர் பத்திரமாக எழுதி வாங்கியிருப்பார். மனை வாங்கியவர்கள் அவரவர் மனைக்குப் பட்டா மாற்றிக்கொண்டார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் மாற்ற வேண்டியது உள்ளாட்சி. அது மாற்றவில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் பழைய சர்வே எண்ணில் மிச்சமிருக்கும் துண்டு, பழைய விவசாயி பெயரிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடம் கழித்துப் பேரன் வாரிசுச் சான்றிதழோடு போகிறார், பட்டா பெயர் மாறுகிறது. அந்தப் பட்டாவை வைத்துக் குடும்பத்துக்குள் ஒரு செட்டில்மென்ட் பத்திரம், அதன் மேல் ஒரு பவர் பத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பதிவாகும். மூன்று பத்திரம் சேர்ந்ததும் பார்ப்பவருக்கு அசல் சொத்து மாதிரியே தெரியும். பட்டா வருவாய்க் கணக்குக்கான ஆவணம், அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் நம் ஊரில் பட்டாவைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடும் பழக்கம் போகவில்லை.

நீங்கள் தேட வேண்டிய காகிதங்கள் இரண்டுதான்.

முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகல். மனை வாங்கும்போது கொடுத்த ஜெராக்ஸ் போதாது. அதில் யாரும் பேனாவால் எதையும் எழுதிவிடலாம். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் சிஎம்டிஏ அலுவலகம் இருக்கிறது. எம்எம்டிஏ பெயர் மாறி வந்ததுதான் சிஎம்டிஏ, பழைய ஆவணங்களும் அவர்களிடம்தான். உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மனைப்பிரிவு அங்கீகார எண் இருக்கும். அதையும் சர்வே எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, தானப்பத்திரம். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். இதைத் தேடுவதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். மனை எண் போட்டு வில்லங்கம் பார்த்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை சார்' என்பார்கள். பூங்காவுக்கு ஏது மனை எண்? சர்வே எண் போட்டு, அதன் உட்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அங்கீகாரம் கிடைத்த தேதிக்கு ஒரு வருடம் முன்னாலிருந்து பாருங்கள். எழுதி வாங்கியவர் பெயரில் மாநகராட்சியைத் தேடாதீர்கள். 1987-ல் உங்கள் ஊர் கிராம ஊராட்சியாக இருந்திருந்தால், பத்திரம் 'ஊராட்சி ஒன்றிய ஆணையர்' பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். பதிவு அலுவலகமும் இன்றைக்கு உங்களுக்கு உள்ள அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. புறநகரில் சார்பதிவாளர் அலுவலகங்களைப் பிரித்துப் பிரித்துப் புதிது திறந்திருக்கிறார்கள், எனவே அன்றைக்கு எந்த அலுவலகம் என்பதை உங்கள் பழைய பத்திரத்தின் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் ஈசி என்கிற வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் இல்லை என்பதற்காக இல்லவே இல்லை என்று முடிவுகட்டாமல், அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்லுங்கள்.

'ஃபைல் இல்லை' என்ற பதிலுக்கு வருவோம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகின. அவற்றில் பல அதற்கு முன் கிராம ஊராட்சிகள். புறநகரில் எங்கே பார்த்தாலும் இதே கதைதான். பலகை மாறும், முத்திரை மாறும், ஆனால் பீரோவில் இருந்த சொத்துப் பதிவேட்டை எண்ணி ஒப்படைத்து, எண்ணி வாங்கிக்கொண்டார்களா என்றால் பதில் வராது. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் உள்ளாட்சிகள் பட்டியல் போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று 1959-லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டாயிற்று. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் தன் பூங்காக்கள் எவை என்று உடனே எடுத்துக் காட்ட முடியாத அலுவலகத்தில், 'ஃபைல் இல்லை' என்பதை வாய்வார்த்தையாகச் சொல்ல மட்டும் யாருக்கும் கூச்சமில்லை. அதையே எழுத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு ஆர்டிஐ மனு: இந்த மனைப்பிரிவின் தானப்பத்திர நகல், சொத்துப் பதிவேட்டில் இந்தச் சர்வே எண் உள்ள பக்கம், முந்தைய உள்ளாட்சியிடமிருந்து ஆவணம் பெற்றுக்கொண்ட பட்டியல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எழுத்தில் 'இல்லை' என்று கையெழுத்துப் போட யோசிப்பார்கள், அப்போது பல ஃபைல்கள் தானாகக் கிடைத்துவிடும்.

தேடியும் தானப்பத்திரம் கிடைக்கவில்லை, அல்லது அப்படி ஒன்று எழுதவே இல்லை என்றால்? உங்கள் தரகர் கடைசியில் பிடிக்கப்போவது இந்த நூலைத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பழைய மனைப்பிரிவுகளில் 'எழுதித் தருகிறேன்' என்று சொல்லி அங்கீகாரம் வாங்கிவிட்டு, மனைகளை விற்றதும் காணாமல் போனவர்கள் நிறைய. 'எழுதிக் கொடுக்காதபோது நிலம் எங்களுடையதுதானே' என்பது அவர்கள் வாரிசுகளின் வாதம். தில்லி மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. அதில் மாநகராட்சிக்கு முழு வெற்றி இல்லை. நிலத்தை இனாமாகத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கட்டாயப்படுத்த அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றே சொன்னார்கள். ஆனால் அதே தீர்ப்பில், வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கிய பிறகு அந்த உரிமையாளர் பொதுமக்களின் நன்மைக்காகவே அதை வைத்திருக்கிறார், அது ஒரு அறக்கட்டளைப் பொறுப்பு போன்றது, அவர் விற்பதையே அது தடுக்கலாம் என்றும் சொன்னார்கள். பெயர் அவருடையதாகவே இருந்தாலும் அதை மனையாக்கி விற்க முடியாது என்பதற்கு உங்கள் வழக்கறிஞர் பிடிக்க வேண்டிய கொம்பு இது. நீங்கள் விலை பேசிவிட்டால், 'பார்த்தீர்களா, இவர்களே இதைத் தனியார் சொத்தாகத்தான் நினைத்தார்கள்' என்று எதிர்த்தரப்பு அதே கொம்பை வெட்டிவிடும்.

இன்னொரு கதையும் சொல்வார்கள்: 'மூன்று வருடத்துக்குள் அரசு எடுக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதி'. இது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவிலிருந்து உருவியது. அரசு தன் திட்ட வரைபடத்தில் ஒருவருடைய நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு என்று குறித்துவிட்டு, எடுக்கவும் செய்யாமல் விடவும் செய்யாமல் இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காக வந்த பிரிவு அது. மனைப்பிரிவு போட்டவர் தானே முன்வந்து பூங்கா என்று காட்டி, அதன் பேரில் அங்கீகாரம் வாங்கி, மனைகளை விற்றுக் காசு பார்த்த இடத்துக்கு அது எங்கே வந்தது? 'பள்ளி', 'கடை' என்று குறித்த மனைகளின் நிலை வேறு, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். உங்களுடையது பூங்கா.

இடம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பொது இடத்தில் அனுமதியில்லாமல் கட்டிய கோயிலும் ஆக்கிரமிப்புதான். கம்பிவேலிக்காரரை எதிர்த்து நீங்கள் போடும் மனுவில் முதல் கேள்வி உங்கள் பிள்ளையாரைப் பற்றி வரும். சங்கத்துக்கு அறை கட்டுவதும், கேட் போட்டுப் பூட்டிச் சாவியைத் தலைவர் வைத்துக்கொள்வதும் இதே ரகம்.

'எல்லா ஆபீஸிலும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வருகிற சமூக ஆர்வலர்களிடமும் ஜாக்கிரதை. இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நுணுக்கமான வேலை ஒன்று உண்டு. தங்களுக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு, அல்லது உங்கள் சங்கத்தில் வளையக்கூடிய ஒரு ஆளைப் பிரதிவாதியாகச் சேர்த்து, மாநகராட்சியைச் சேர்க்காமலேயே சமரசத் தீர்ப்பு வாங்கிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தீர்ப்பையே பத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு அலைவார்கள். இந்தச் சர்வே எண்ணில் ஏதாவது வழக்கு நடக்கிறதா என்று உங்கள் பகுதி உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரை வைத்து விசாரித்துவிடுங்கள். இருந்தால் சங்கமும் தரப்பாகச் சேர மனுப் போட வேண்டும்.

காகிதங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மூன்று கடிதங்கள் போகட்டும், மூன்றும் ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு. மாநகராட்சி ஆணையருக்கு: வேலியை அகற்றி, அளந்து, போர்டு வைக்கச் சொல்லி. சார்பதிவாளருக்கு: இந்தச் சர்வே எண்ணில் பூங்கா நிலத்தைப் பதிவு செய்ய வேண்டாம் என்று, இப்போது கையில் உள்ள வரைபட நகலோடு. உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை அதன் அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது என்பது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு. அந்தப் பிரிவு முழு பலத்தோடு வேலை செய்ய மாநகராட்சி ஆணையரே சார்பதிவாளருக்கு எழுத வேண்டும், உங்கள் கடிதம் ஆணையரை அசைப்பதற்கு. மூன்றாவது, பட்டாவை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு.

வார்டு உறுப்பினரிடம் சொல்லி, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்பவர்களைக் கூட்டும் பகுதி சபாக் கூட்டத்தில் இதை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். இந்தச் சபைகளுக்கு 2022-ல் விதிகள் வந்தன, அந்த நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதல்வரே உட்கார்ந்தார். அதன்பின் உங்கள் வார்டில் ஒழுங்காகக் கூடியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்லி எழுதுங்கள். மேயரிடம் படம் எடுத்துக்கொள்வதைவிடத் தீர்மான நகல் ஒன்று நீதிமன்றத்தில் அதிகம் பேசும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால், அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 'நீங்கள் யார் கேட்பதற்கு?' என்ற கேள்விக்கு 1991-லேயே பதில் கிடைத்துவிட்டது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்லி, ஒதுக்கீடு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனுப் போடும் முன் உங்கள் சங்கத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா, ஆண்டுக் கணக்குகளை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சங்கத்தோடு இரண்டு மூன்று மனைதாரர்களையும் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

அதுவரை தரகர் போன் செய்தால் பேச வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது 'ஒன்றரை அதிகம், ஒன்றுக்கு முடியுமா' என்று பேரம் பேசியிருந்தால், அது சங்கத்தின் கருத்து அல்ல என்று இன்றைக்கே குழுவில் எழுத்தில் போட்டுவிடுங்கள்.