தி வயர், பிரேக்கிங் பேட்: எதை முதலில் பார்ப்பது?

இந்த இரண்டு அமெரிக்க டிவி தொடர்களையும் எல்லாரும் புகழ்கிறார்கள், நேரமோ குறைவு, எதைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு தி வயருக்குத்தான். 2002 முதல் 2008 வரை வந்தது. 5 சீசன், 60 எபிசோட். ஒரு எமி விருதுகூட வாங்கவில்லை, அதனால் விருதுக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். உருவாக்கிய டேவிட் சைமன், கதை நடக்கும் பால்டிமோர் நகரிலேயே போலீஸ் செய்தி சேகரித்த நிருபர். அந்த நெருக்கம் காட்சிக்குக் காட்சி தெரியும்.

முதல் 2 எபிசோடில் யார் யாரென்றே பிடிபடாது. பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில், போதைப்பொருள் விற்கும் பையன்களுக்கு, அவர்களை மேய்க்கும் டி ஏஞ்சலோ செஸ் சொல்லித்தருவான்: சிப்பாய்கள் சீக்கிரம் வெட்டுப்படும், ராஜா ராஜாவாகவே இருப்பான். அவர்கள் வாழ்க்கையே அந்தப் பலகையில் இருக்கும். அந்தக் காட்சியும் உங்களைத் தொடவில்லையா, தயங்காமல் நிறுத்திவிட்டு பிரேக்கிங் பேடுக்குப் போங்கள். அது முதல் எபிசோடிலேயே இழுத்துவிடும்.