ரெண்டு வாரத்துல 3 கிலோ ஏத்துற டப்பா, வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வயசு 22, வெயிட் 64 கிலோ, ஜிம் போக ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகுது. ட்ரெயினர் ஒரு ப்ரீ-வொர்க்அவுட் (எக்சர்சைஸுக்கு முன்னாடி குடிக்கற) பவுடர காட்டி இத எடு, ரெண்டே வாரத்துல வித்தியாசம் தெரியும்ங்கிறார். ஃப்ரெண்டு ஒருத்தன் அதைத்தான் குடிக்கிறான், 2 வாரத்துல 3 கிலோ ஏறிட்டான். லேபிள்ல "மசில் மேட்ரிக்ஸ் 6 கிராம்"னு போட்டு கீழ கிரியேட்டின், சிட்ருலின் மாலேட், பீட்டா அலனின், டாரின், காஃபின், அப்புறம் வாயில நுழையாத நாலு பேரு இருக்கு. விலை ஜாஸ்தி. ட்ரை பண்ணலாமா?

பதில்: தம்பி, நீங்க லேபிள பாத்து எழுதுனதே பாதி வேலைய முடிச்சிடுச்சு, ஏன்னா நிறைய பேரு டப்பாவோட முன்பக்கத்துல இருக்கற ஆளோட கைய பாத்துட்டே வாங்கிடுறாங்க, பின்பக்கம் திருப்புறதே இல்ல.

அந்த 6 கிராம மட்டும் எடுத்துக்குவோம். கிரியேட்டின் வேலை செய்ய ஒரு நாளைக்கு 3ல இருந்து 5 கிராம் வேணும். பீட்டா அலனினுக்கு 3.2 கிராமாவது வேணும், அதுவும் தினமும், வாரக்கணக்குல. சிட்ருலின் மாலேட் ஆராய்ச்சிகள்ல குடுக்கறது 6, 8 கிராம். இந்த மூணையும் கம்மியா வெச்சு கூட்டுனாலே 12 கிராம் தாண்டுது, ஆனா இவங்க ஒன்பது ஐட்டத்தையும் சேத்தே 6 கிராம்ல அடைச்சிருக்காங்க. அப்போ எதோ ஒண்ணு ரெண்டு தான் கொஞ்சம் இருக்கும், மத்ததெல்லாம் லேபிள்ல பேரு வரணும்னு ஒரு சிட்டிகை போட்டது. எது எவ்ளோன்னு பிரிச்சு சொல்லாம மேட்ரிக்ஸ், ப்ளெண்ட்னு பேரு வெச்சு மொத்த கிராம் மட்டும் போட்டிருந்தா அத அப்படியே கீழ வெச்சிடுங்க, ஃபார்முலா ரகசியம்னு சொல்வாங்க, கிரியேட்டின்ல என்ன ரகசியம் இருக்கு சொல்லுங்க.

இதுல இன்னொரு வம்பு காஃபின். அதுவும் அந்த 6 கிராமுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் தான் பரவாயில்லைன்னு சொல்றாங்க, நீங்க காபி டீ வேற குடிப்பீங்க, ஸ்கூப்ல எவ்ளோ இருக்குன்னே தெரியாம எப்படி கணக்கு போடுவீங்க? சாயங்காலம் ஜிம் போற ஆளா இருந்தா தூக்கமும் போச்சு, தூக்கம் போனா மசிலும் போச்சு.

நானும் ஏமாந்தவன் தான். முதல் தடவ இப்படி ஒரு பவுடர் குடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல மூஞ்சி, காது, புறங்கையெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி சுறுசுறுன்னுச்சு, ஆஹா மருந்து ஏறுதுடான்னு குஷியாயிட்டேன். அது பீட்டா அலனின் தோல் நரம்புல பண்ற வேலை, தசைக்கும் அந்த சுறுசுறுப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு தெரியறதுக்குள்ள ரெண்டு டப்பா காலி. குடிச்ச உடனே எதோ ஃபீல் ஆகுதுங்கறத வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, அந்த ஃபீல குடுக்கத்தான் பீட்டா அலனின், காஃபின் ரெண்டையும் முதல்ல போடுறாங்க.

ஃப்ரெண்டோட 3 கிலோ பத்தி. கிரியேட்டின் தசைக்குள்ள தண்ணிய இழுத்து வெக்கும், முதல் வாரத்துலயே ஒண்ணு ரெண்டு கிலோ அப்படியே காட்டும், மீதிக்கு அவரு சாப்பாட்டையும் சேத்து ஏத்தியிருப்பாரு. புதுசா ஆரம்பிச்ச ஆளுக்கு மாசத்துக்கு ஒரு கிலோ சுத்த தசை ஏறுனாலே பெரிய விஷயம், ரெண்டு வாரத்துல மூணுங்கறது தராசு சொல்ற கதை. ட்ரெயினர்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க, இந்த டப்பா வித்தா உங்களுக்கு கமிஷன் உண்டாண்ணான்னு, சும்மா சிரிச்சிட்டே கேளுங்க, பதில விட மூஞ்சிய பாருங்க.

சரி, எதையாவது ட்ரை பண்ணியே ஆகணும்னா வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், வேற எதுவும் கலக்காதது. கிரியேட்டினையே எத்தில் எஸ்டர், பஃபர்டுன்னு வேற வடிவத்துல விலை கூட்டி விக்கிறதெல்லாம் இத விட நல்லா வேலை செஞ்சதா நிரூபணம் ஆகல. தினம் 3-5 கிராம், எந்த நேரமா இருந்தாலும் ஓகே. மொத ஒரு வாரம் தினம் 20 கிராம்னு லோடிங் பண்ணா தசையில சீக்கிரம் நிரம்பும், பண்ணலன்னா மூணு நாலு வாரம் ஆகும், அவ்ளோதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்குவாட், பெஞ்ச் எவ்ளோ வெயிட்டுல எத்தன ரெப்ஸ்னு நோட்டுல எழுதிடுங்க, ஒரு ரெண்டு மாசம் வேற எந்த டப்பாவும் புதுசா சேக்காம பாருங்க, மூணு பவுடர ஒண்ணா ஆரம்பிச்சா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி தெரியும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, வேற மாத்திரை எடுக்கறவங்க டாக்டர கேக்காம தொடவே வேணாம். நல்லா இருக்கறவங்களும் ரத்த டெஸ்டுக்கு போனா கிரியேட்டின் எடுக்கறேன்னு சொல்லிடுங்க, ரிப்போர்ட்ல கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற அளவு) கொஞ்சம் கூட காட்டும், சொல்லலன்னா வீணா பயமுறுத்திடுவாங்க.

அப்புறம் விலைய டப்பா கணக்குல பாக்காதீங்க. 30 சர்விங்னு போட்டிருப்பான், உள்ள படிச்சா முழு அளவுக்கு ரெண்டு ஸ்கூப் போடணும்னு இருக்கும், அப்போ அது 15 நாள் டப்பா.

இதுக்கெல்லாம் முன்னாடி புரோட்டீன். உங்க வெயிட்ல கிலோவுக்கு 1.6 கிராம்னா உங்களுக்கு நாளைக்கு சுமார் 102 கிராம், அது சாப்பாட்டுலயே வந்துட்டா பவுடரே தேவையில்ல.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பூஸ்டர் ஒண்ணு பாத்தேன், முழுக்க மூலிகை, சைடு எஃபெக்ட்டே இல்லன்னு போட்டிருக்கு. அது பரவாயில்லையா?

பதில்: ட்ரிபுலஸ்னு பெருசா எழுதியிருக்குமே? அது வேற ஒண்ணுமில்லங்க, நம்ம நெருஞ்சில் தான், செருப்பில்லாம நடந்தா கால்ல குத்துமே அதே முள்ளு. பயிற்சி பண்ற ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு குடுத்து பாத்ததுல டெஸ்டோஸ்டிரோனும் ஏறல, தசையும் ஏறல. நான் இதுல பயப்படறது வேற. மூலிகைன்னு போட்ட டப்பா நெஜமாவே சட்டுனு வேலை செஞ்சா அதுல மூலிகை மட்டும் இருக்கான்னு சந்தேகப்படணும். 2000-2001ல ஜெர்மனியில கொலோன் ஆய்வகம் 13 நாடுகள்ல வாங்குன 634 சப்ளிமென்ட்ட சோதிச்சப்போ 94ல லேபிள்ல சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்துச்சு. போட்டிக்கு போற ஆளா இருந்தா ஊக்கமருந்து டெஸ்டுல மாட்டுறது நீங்க தான், கம்பெனி இல்ல. அதனால எத வாங்குனாலும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் மாதிரி வெளி ஆளுங்க டெஸ்ட் பண்ணி குடுக்கற முத்திரை இருக்கான்னு பாருங்க, டப்பால ஒட்டியிருக்கற படத்த நம்பாம அவங்க சைட்டுலயே போய் அந்த ப்ராடக்ட் இருக்கான்னு தேடுங்க, இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்ல பேட்ச் நம்பர் வரைக்கும் பாக்கலாம். அந்த முத்திரை உள்ள தப்பான சரக்கு இல்லன்னு தான் சொல்லும், நெருஞ்சில வேலை செய்ய வெக்காது.